அவசர மருத்துவர் தீவிர சிகிச்சைக்குப் போகலாமா? எந்தச் சான்றிதழ் எங்கே செல்லும்?

கேள்வி: டாக்டர் அக்காவுக்கு வணக்கம். நான் சிங்கப்பூரில் அவசர மருத்துவ ரெசிடென்சியின் (நிபுணர் பயிற்சியின்) நான்காம் ஆண்டில் இருக்கிறேன். சுழற்சிப் பணிக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் (ஐசியு) இருந்த மாதங்கள்தான் இதுவரையிலான பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தவை. பயிற்சி முடிந்ததும் தீவிர சிகிச்சையில் தனியாகத் தகுதி பெற விரும்புகிறேன். அமெரிக்காவில் அவசர மருத்துவர்களுக்குத் தீவிர சிகிச்சைச் சான்றிதழ் தருகிறார்களாம். அந்தத் தேர்வை இங்கிருந்தே எழுத முடியுமா? ஐரோப்பிய டிப்ளோமா போதும் என்கிறார் நண்பர் ஒருவர். மூத்த மருத்துவர் ஒருவரோ, "ஐசியு என்பது மயக்கவியல்காரர்களுக்கும் நுரையீரல்காரர்களுக்கும் உரிய இடம், உனக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டுவிட்டார். மனைவி ஆசிரியர். மகளுக்கு இரண்டு வயது. "இன்னும் எத்தனை வருடம்தான் படித்துக்கொண்டே இருப்பாய்?" என்கிறார் அப்பா. எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.
செங்காங்கிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

தம்பிக்கு வணக்கம்.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன்: முடியாது. சிங்கப்பூரில் பயிற்சி முடித்தவர் அமெரிக்காவின் அந்தத் தேர்வை இங்கிருந்தபடி எழுத வழியில்லை. அந்தச் சான்றிதழ் அந்நாட்டுப் பயிற்சி ஏணியின் கடைசிப் படி. முதலில் அங்கே அவசர மருத்துவ ரெசிடென்சி முடித்து, அமெரிக்க அவசர மருத்துவ வாரியத்தின் சான்று பெற வேண்டும். பிறகு ஃபெலோஷிப் எனப்படும் அங்கீகாரம் பெற்ற மேற்பயிற்சியில் 2 ஆண்டுகள். அதன் பிறகே தேர்வு. 2010 முதல் நம் ரெசிடென்சித் திட்டங்கள் அமெரிக்கப் பயிற்சி அங்கீகார மன்றத்தின் அனைத்துலகப் பிரிவு வகுத்த முறையைப் பின்பற்றியதால் இங்கே பலருக்குக் குழப்பம் இருக்கிறது. அனைத்துலக அங்கீகாரம் பயிற்சியின் தரத்துக்குக் கிடைத்த முத்திரை. அதை வைத்துக்கொண்டு அமெரிக்க வாரியத்தின் வாசலில் போய் நிற்க முடியாது. மறுபடியும் முதலாண்டு ரெசிடெண்டாகச் சேர்ந்து, அந்த நாட்டிலேயே தங்கிவிடும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்த வழியைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு. கடிதத்தைப் படித்தால் உங்களுக்கு அப்படி ஓர் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனாலும் அந்தச் சான்றிதழ் வந்த வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அவசர மருத்துவம் 23ஆவது சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது 1979இல். 1980களின் பிற்பகுதியில் உள்மருத்துவம், மயக்கவியல், அறுவை மருத்துவம் ஆகியவற்றின் வாரியங்கள் தங்கள் மருத்துவர்களுக்குத் தீவிர சிகிச்சைத் தேர்வுகளை நடத்தத் தொடங்கின. அவசர மருத்துவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அதற்காக அவர்கள் ஒதுங்கிவிடவில்லை. ஃபெலோஷிப்பில் சேர்ந்து முடித்தார்கள், ஐசியுக்களில் வேலை பார்த்தார்கள், தகுதிக்குச் சான்றாக ஏதாவது கையில் வேண்டுமே என்று ஐரோப்பிய டிப்ளோமாத் தேர்வைப் போய் எழுதினார்கள். 2011இல்தான் அவசர மருத்துவ வாரியமும் உள்மருத்துவ வாரியமும் சேர்ந்து இந்தச் சான்றிதழை வழங்க அனுமதி கிடைத்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அறுவை மருத்துவத்தின் வழியும் மயக்கவியலின் வழியும் திறந்தன. அறுவை வழியில் போகிறவர் ஃபெலோஷிப்புக்கு முன்னால் ஓராண்டு அறுவைப் பிரிவில் கழிக்க வேண்டும். மொத்தத்தில், ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் வேலை முன்னே போனது, சான்றிதழ் பின்னே வந்தது. உங்கள் மூத்தவரின் கேள்வி அந்த 25 ஆண்டுகளும் அங்கே கேட்கப்பட்ட கேள்விதான்.

அவர் கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு குமைய வேண்டாம். அதற்கு நல்ல பதில் இருக்கிறது. 1952 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் போலியோ நோயாளிகள் மூச்சுவிட முடியாமல் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தபோது, தொற்றுநோய் மருத்துவமனைக்கு வெளியிலிருந்து ஒருவரை அழைத்தார்கள். அவர் பியோர்ன் இப்சன், அறுவைக் கூடத்தில் வேலை பார்த்த மயக்கவியல் மருத்துவர். ஒரு 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கச் செய்து, கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். பிறகு மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். மறு ஆண்டின் இறுதியில் இப்சன் அமைத்த பிரிவைத்தான் உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். மயக்கவியல்காரர்களின் இடம் என்று உங்கள் மூத்தவர் சொல்கிற துறையைத் தொடங்கிவைத்தவரே அந்த வார்டுக்கு அந்நியராக வந்தவர்தான். நோயாளிக்குத் தேவையான திறமை எவரிடம் இருந்ததோ அவரைக் கூப்பிட்டார்கள். உங்களை அழைப்பதற்கும் அந்தக் காரணம் இன்று இருக்கிறது.

இன்னொரு பெயரையும் சொல்கிறேன். 2001இல் டெட்ராய்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. கடும் செப்சிஸோடு, அதாவது உடலெங்கும் பாதிப்பை உண்டாக்கும் தொற்றோடு, வந்த 263 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு, ஐசியுவில் படுக்கை கிடைக்கும்வரை காத்திருக்காமல், அவசர சிகிச்சைப் பிரிவிலேயே முதல் 6 மணி நேரத்துக்கு, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு இலக்கு வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். மருத்துவமனையில் இறந்தவர்களின் விகிதம் வழக்கமான சிகிச்சை பெற்றோரிடையே 46.5 விழுக்காடாகவும் இவர்களிடையே 30.5 விழுக்காடாகவும் இருந்தது. ஆய்வை நடத்திய இமானுவேல் ரிவர்ஸ் அவசர மருத்துவம், உள்மருத்துவம், தீவிர சிகிச்சை மூன்றிலும் பயிற்சி பெற்றவர். 2014, 2015இல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் இங்கிலாந்திலும் நடந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அவருடைய நெறிமுறை வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. அதை எடுத்துக்காட்டி அவர் வேலையைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் 'வழக்கமான சிகிச்சை'யே மாறிவிட்டது. சீக்கிரம் கண்டுபிடிப்பது, சீக்கிரம் ஆன்டிபயாடிக் கொடுப்பது, சீக்கிரம் திரவம் ஏற்றுவது எல்லாம் எல்லா இடத்திலும் பழக்கத்துக்கு வந்துவிட்டன. தீவிர சிகிச்சை ஐசியுவின் கதவுக்கு உள்ளே தொடங்குவதில்லை என்று மருத்துவ உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அது இங்கே எவ்வளவு பொருந்தும் என்பது உங்களுக்கே தெரியும். வார்டில் படுக்கைக்காக நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தைச் சுகாதார அமைச்சு மருத்துவமனை வாரியாக வெளியிட்டு வருகிறது. ஐசியுவுக்குப் போக வேண்டியவர் உங்கள் உயிர்காப்புப் பகுதியில் காத்திருந்தால், அந்த நேரத்தில் அவருக்குத் தீவிர சிகிச்சை கொடுக்கிறவர் நீங்கள்தான். கொடுக்கத் தெரிந்திருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2015இல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே ஒரு தீவிர சிகிச்சைப் பகுதியைத் திறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் வந்த நோயாளிகளை ஒப்பிட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், 30 நாள்களுக்குள் இறப்பதும் குறைந்திருந்தது, ஐசியுவில் சேர்க்க வேண்டிய தேவையும் குறைந்திருந்தது. அது ஒரே ஒரு மருத்துவமனையின் அனுபவம், முன்பின் ஒப்பீடு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூத்தவர் மறுபடி கேட்டால் மரியாதையோடு எடுத்துச் சொல்ல இது போதும்.

இனி, உங்களிடம் நான் கேட்க வேண்டியது. நானும் அவசர மருத்துவத்திலிருந்து தீவிர சிகிச்சைக்கு வந்தவள் என்பதால் உரிமையோடு கேட்கிறேன். சுழற்சிப் பணியில் உங்களுக்குப் பிடித்தது எது? கழுத்து ரத்தக்குழாயில் குழாய் போடுவதும், உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் எக்மோ இயந்திரத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பதும், இரவு 2 மணிக்குத் தாதியர் ஓடிவந்து கூப்பிடுவதும்தானா? அப்படியென்றால் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே இருங்கள். அவை அங்கேயே நிறையக் கிடைக்கும். ஐசியு வேலையின் பெரும்பகுதி அப்படி இல்லை. அது மெதுவான வேலை, திரும்பத் திரும்பச் செய்கிற வேலை.

ஒரு சாதாரண நோயாளியை எடுத்துக்கொள்வோம். 70 வயது, நிமோனியா, ஆம்புலன்ஸில் வருகிறார். நீங்கள் மூச்சுக்குழாயில் டியூபைப் போட்டுவிடுகிறீர்கள். போட்டதும் ரத்த அழுத்தம் விழும் என்பதை எதிர்பார்த்து, அதை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தைத் தயாராக வைத்திருக்கிறீர்கள். உங்கள் வேலை சுத்தமாக முடிந்தது, அடுத்த ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அவர் மாடிக்கு வருகிறார். ஐசியுவில் முதல் வேலையாக ஒரு தாதி அளவு நாடாவை எடுத்து, படுத்திருப்பவரின் உச்சந்தலை முதல் குதிகால் வரை அளக்கிறார். 165 சென்டிமீட்டர். அந்த உயரமுள்ள ஆணுக்குக் கணக்கிடப்படும் உடல் எடை ஏறத்தாழ 61.5 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி என்றால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறத்தாழ 370 மில்லி காற்று. அவருடைய உண்மையான எடை 85 கிலோ. அந்த எடையை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் 510 மில்லி போயிருக்கும். தொப்பை பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை அல்லவா? கடுமையாகப் பாதிக்கப்பட்ட நுரையீரலுக்குள் சிறு அளவுக் காற்றை அனுப்பினால் உயிர் பிழைப்போர் கூடுகிறார்கள் என்று 861 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2000இல் காட்டியது. இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை. ஒரு நாடாவும் ஒரு பெருக்கல் கணக்கும்தான். இந்த வகைக் கவனம் உங்களுக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று பாருங்கள். எனக்குத் தருகிறது. அதனால்தான் இங்கே இருக்கிறேன்.

ஐந்தாம் நாள் காலை அவருக்கு மயக்க மருந்தை நிறுத்துகிறோம். கண் திறக்கிறார், ஆனால் யாரையும் பார்ப்பதில்லை. கையை அழுத்தச் சொன்னால் அழுத்துகிறார், அடுத்த முறை சொன்னால் அழுத்துவதில்லை. செயற்கை மூச்சுக் கருவியின் உதவியைக் குறைத்துத் தானாக மூச்சுவிட விடுகிறோம். பத்து நிமிடத்தில் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆகிறது, நெற்றி வியர்க்கிறது. மறுபடியும் உதவியைக் கூட்டுகிறோம். இயன்மருத்துவர் வந்து இரண்டு தாதியரோடு சேர்ந்து அவரைக் கட்டிலின் விளிம்பில் உட்கார வைக்கிறார். ஆறாம் நாளும் இதே வேலை. ஏன் முடியவில்லை? உடலில் நீர் தங்கிவிட்டதா, இதயம் திணறுகிறதா, தசைகள் உருகிவிட்டனவா, இரவெல்லாம் தூங்காமல் மனக்குழப்பத்தில் இருக்கிறாரா? ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்ய வேண்டும். அவசர மருத்துவத்தில் வளர்ந்த நமக்கு முதல் ஒரு மணி நேரம் அத்துப்படி. இந்த ஆறாம் நாள் நமக்குப் பழக்கமே இல்லாதது. டயாலிசிஸை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எந்த ஆன்டிபயாடிக்கை எத்தனையாவது நாளில் கைவிடுவது, உணவுக் குழாயில் எவ்வளவு ஊட்டுவது என்பதெல்லாம் ஃபெலோஷிப்பில்தான் கைவரும். மயக்கவியலிலிருந்தும் நுரையீரல் மருத்துவத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு இவற்றில் சில ஏற்கெனவே தெரிந்திருக்கும். நமக்கு அங்கே குறை இருக்கிறது, அதைப் பயிற்சியால் நிரப்ப வேண்டும். உங்கள் மூத்தவர் சொன்னதில் நியாயம் இருப்பது இந்த அளவுக்கு மட்டும்தான்.

குடும்பத்தாரோடு பேசுவது இன்னொரு பெரிய பகுதி. அவசர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்துவிடுகிறோம். இங்கே அதே மகளிடம் பத்து நாள், ஒவ்வொரு மாலையும் பேச வேண்டும். முதல் நாள் "எல்லாவற்றையும் செய்யுங்கள் டாக்டர்" என்பார். எட்டாம் நாள் "அப்பாவுக்கு வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்பார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே அவரோடு கூடவே இருந்திருக்க வேண்டும். சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நோயாளி முடிவெடுக்கும் திறனை இழந்தால் அவருக்காக முடிவெடுக்க முன்பே எழுதிக் கொடுத்த நீண்டகால அதிகாரப் பத்திரம் வைத்திருக்கும் பிள்ளைகூட, உயிர்காக்கும் சிகிச்சையை வேண்டாம் என்று நோயாளிக்காக முடிவெடுக்க நம் நாட்டின் மனநலத் திறன் சட்டம் அனுமதிப்பதில்லை. நோயாளியின் நலனை மனத்தில் கொண்டு மருத்துவக் குழுதான் முடிவெடுக்க வேண்டும். அவர் முன்பு என்ன விரும்பினார், எதை நம்பினார் என்பதைக் குடும்பத்திடம் கேட்டறிந்தே அந்த முடிவுக்கு வருகிறோம். இறுதிக் கட்டத்தில் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்க வழிசெய்யும் முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டம் 1996 முதல் இருக்கிறது, ஆனால் படுக்கையில் இருப்பவர் அப்படி ஓர் உத்தரவில் கையெழுத்திட்டிருப்பது அபூர்வம். மூளைச்சாவு உறுதிசெய்யப்பட்டால் உறுப்புமாற்றச் சட்டம் பற்றியும் அதே குடும்பத்திடம் பேச வேண்டிவரும். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டியிடம் இவற்றை ஆங்கிலத்தில் சொல்லி, பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடுவது எவ்வளவு கொடுமை என்று பார்த்திருப்பீர்கள். தாத்தா பிழைக்க மாட்டார் என்பதை அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் நிதானமாகப் பேசத் தெரிந்த ஐசியு மருத்துவர்கள் இன்னும் நிறையப் பேர் தேவை. உங்கள் கடிதம் வந்தபோது எனக்கு முதலில் மகிழ்ச்சி தந்தது அதுதான்.

இவ்வளவையும் படித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், சான்றிதழைப் பற்றிப் பேசலாம்.

சிங்கப்பூரில் வேலை செய்யப் போகிறவருக்கு முதலில் வேண்டியது சிங்கப்பூரின் அங்கீகாரம். இங்கே தீவிர சிகிச்சை மருத்துவம் ஓர் உட்சிறப்புத் துறை. முதலில் உங்கள் அடிப்படைத் துறையான அவசர மருத்துவத்தில் நிபுணர் அங்கீகார வாரியத்தின் அங்கீகாரத்தைப் பெற்று, சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்குமேல்தான் உட்சிறப்பு. ஆகவே இப்போதைக்கு ரெசிடென்சியை ஒழுங்காக முடிப்பதைவிடப் பெரிய காரியம் எதுவும் இல்லை. ஐசியு ஆசையில் இறுதித் தேர்வைக் கோட்டைவிட்டவர்களை எனக்குத் தெரியும். பயிற்சிக் காலம், ஏற்கப்படும் பிரிவுகள், முன்பு செய்த ஐசியு மாதங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வது ஆகியவற்றின் விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. நண்பர்கள் சொல்வதைக் கேட்டு நடக்காமல், நீங்கள் சேரப்போகும் ஆண்டுக்கான விதிகளை வாரியத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பர் சொன்ன ஐரோப்பிய டிப்ளோமா, நம்மிடையே ஈடிக் என்று வழங்குவது, மதிப்புள்ள தேர்வு. ஐரோப்பியத் தீவிர சிகிச்சைச் சங்கம் அதை 1989 முதல் நடத்துகிறது. முதல் பகுதி எழுத்துத் தேர்வு. இரண்டாம் பகுதியில் நோயாளி விவரங்களை வைத்து வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்கள். அதற்குப் படிப்பதே பெரிய பலன்: உடலியங்கியல், கருவிகள், ஆய்வுகள் என்று சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒழுங்காகப் படிக்க வைத்துவிடும். ஆனால் அது அறிவைச் சோதிக்கும் தேர்வு. பயிற்சிக்கு மாற்று ஆகாது. பயிற்சியோடு சேர்த்து எழுதுங்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கான தீவிர சிகிச்சை மருத்துவக் கல்லூரி 2010இல் தனி அமைப்பானது. அங்கே தீவிர சிகிச்சை யாருடைய உட்பிரிவும் இல்லை, சொந்தக் காலில் நிற்கும் முழுத் துறை. குறைந்தது 6 ஆண்டுப் பயிற்சி. முன்பயிற்சிக்கு ஓரளவு சலுகை கேட்கலாம். அந்த ஊர்ப் பயிற்சியின் ஆழத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அங்கேயே குடியேறும் எண்ணம் இருந்தால் முழுமையாகச் செய்யுங்கள். இல்லையென்றால் ஓராண்டு ஃபெலோவாகப் போய்வருவது போதும். பிரிட்டனில் அவசர மருத்துவத்தையும் தீவிர சிகிச்சையையும் சேர்த்தே இரட்டைப் பயிற்சியாக முடிக்கிறார்கள், ஆனால் அது அங்கே பயிற்சியில் இருப்பவர்களுக்கான ஏற்பாடு. இந்தியாவிலும் நல்ல திட்டங்கள் உள்ளன. அங்கே அவசர மருத்துவம் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றதே 2009இல்தான் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கான பாதை இன்னும் புதியது. உங்களுக்கு அது தேவைப்படாது.

சான்றிதழைவிட நான் அதிகம் கவலைப்படுவது பணியிடத்தைப் பற்றி. தகுதி பெற்ற பின்பு உங்கள் வாரம் எப்படி இருக்கும்? ஐசியுவில் எத்தனை வாரம், அவசர சிகிச்சைப் பிரிவில் எத்தனை ஷிப்ட்? இரண்டு துறைத் தலைவர்களும் தங்கள் பணி அட்டவணையில் உங்களை முழு ஆளாகக் கணக்கு வைத்துவிட்டால், நீங்கள் ஒரே உடம்பில் இரண்டு வேலை செய்வீர்கள். ஒரு வாரம் ஐசியுவில் அழைப்புப் பணி முடிந்த மறுநாளே அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு ஷிப்ட் என்று ஓடிக் களைத்து, கடைசியில் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், ஐசியுத் தகுதி பெற்றும் அங்கே இடமில்லாமல், ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டும் எட்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். பழகாத கை துருப்பிடிக்கும். பயிற்சிக்கு அனுப்பும் முன்பே இரண்டு தலைவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து இந்தப் பங்கீட்டைப் பேசுங்கள். ஒருவர் தயங்கினாலும் அது அப்போதே தெரிந்துவிடுவது நல்லது. வேறொரு மருத்துவமனையில் இடம் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கும்.

வெளிநாட்டில் ஓராண்டு பயிற்சிக்குச் சுகாதார அமைச்சின் மனிதவள மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் நிதியுதவி உண்டு. நிபுணரான பிறகு உங்கள் மருத்துவமனையின் பரிந்துரையோடு விண்ணப்பிக்கலாம். திரும்பி வந்து சேவை செய்ய வேண்டிய ஒப்பந்தக் காலமும் அதனோடு வரும். அதையும் மேலே சொன்ன பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவரிடம் இதை விளக்கமாகச் சொல்லுங்கள்: ரெசிடென்சி முடிந்ததும் நீங்கள் நிபுணர். அதற்குமேல் செய்யப்போவது கட்டணம் கட்டிப் படிக்கும் படிப்பில்லை, சம்பளம் வாங்கிக்கொண்டே பெறும் பயிற்சி. மகன் இன்னும் மாணவனாகவே இருக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். மனைவியிடம் பேச வேண்டியது வேறு. ஐசியு வாரங்களில் நீங்கள் வீட்டுக்கு வந்தாலும் கைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் ஷிப்ட் முடிந்தால் முடிந்ததுதான். அந்தச் சுதந்திரம் போய்விடும், அதைச் சேர்ந்து இழக்கப்போகிறவர் அவர். வெளிநாட்டு ஓராண்டை மகள் தொடக்கநிலை ஒன்றில் சேருமுன் வைத்துக்கொண்டால் பள்ளிச் சிக்கல் இராது. மனைவிக்குச் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று அவரும் இப்போதே விசாரிக்கட்டும். அவர் வேண்டாம் என்றால், ஓராண்டு தள்ளிப்போட்டு மறுபடி பேசுங்கள். தீவிர சிகிச்சைத் துறை எங்கும் ஓடிப்போகாது.

இந்த ஆண்டு செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. இதுவரை ஐசியுவில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் தேதி, பிரிவின் வகை, செய்த சிகிச்சைமுறைகள், மேற்பார்வையாளரின் கையெழுத்து ஆகியவை சேர்ந்த பதிவு உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த நாட்டு அமைப்பும் முதலில் கேட்பது அதைத்தான். மேற்பார்வையாளர் வேறு மருத்துவமனைக்கு மாறிப்போன பிறகு கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு. விருப்பச் சுழற்சி மீதமிருந்தால், நீங்கள் ஏற்கெனவே பார்த்த வகைப் பிரிவுக்கே திரும்பாமல் அறுவை அல்லது நரம்பியல் ஐசியுவைக் கேளுங்கள். அங்கே ஒரே நோயாளியைச் சேர்த்த நாள் முதல் வார்டுக்கு அனுப்பும் நாள் வரை விடாமல் பின்தொடருங்கள், ஓய்வு நாளிலும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அந்த மாதம் முடிந்தும் ஐசியு பிடித்திருந்தால், இரண்டு துறைத் தலைவர்களிடமும் நேரம் கேளுங்கள். அவர்கள் இருவரும் சரி என்ற பிறகு ஈடிக் முதல் பகுதிக்குப் பணம் கட்டலாம், அதற்கு முன் வேண்டாம்.